சின்னக் குழந்தை உள்ள வீட்டில் தாய் எப்போது, எப்படிக் கை கழுவ வேண்டும்?

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாலு மாதத்தில் மூன்றாவது தடவையாக வயிற்றுப்போக்கு. நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டேதான் இருக்கிறேன். தோல் வெடித்து எரிகிறது. ஆனாலும் "கையைக் கழுவிட்டுக் குழந்தையத் தூக்கு" என்று எல்லாரும் என்னையேதான் சொல்கிறார்கள். உண்மையில் எப்போதெல்லாம் கழுவ வேண்டும்? சாதா சோப்பு போதுமா, கிருமிநாசினி சோப்புதான் வேண்டுமா? சானிடைசர் போட்டால் ஆகாதா?

பதில்:

கை வெடிக்கும் அளவுக்குக் கழுவுகிறவரிடம் "இன்னும் நன்றாகக் கழுவுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. அந்தக் கழுவல்கள் எந்த நேரத்தில் நடக்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும். கை பிசுபிசுத்தால், நாற்றமடித்தால், கறை தெரிந்தால் கழுவுவது எல்லாருக்கும் தானாக வந்துவிடுகிறது. பாத்திரம் தேய்த்த பிறகு, வீடு துடைத்த பிறகு யாரும் சொல்லாமலே கழுவுகிறோம். கை சுத்தமாகத் தெரியும்போதுதான் விட்டுப்போகிறது. குழந்தையின் வாய்க்குக் கிருமி போவது பெரும்பாலும் அந்தச் சுத்தமாகத் தெரியும் கையில்தான்.

வயிற்றுப்போக்குக் கிருமிகளில் பெரும்பாலானவை புறப்படும் இடம் ஒன்றே, மலம். அங்கிருந்து விரல், ஈ, மண், தண்ணீர், உணவு என்ற ஐந்து வழிகளில் இன்னொரு வாய்க்குப் போகின்றன. சுகாதாரப் பொறியாளர்கள் 1958 முதல் இதை ஒரு படமாகவே வரைந்து காட்டி வருகிறார்கள். அந்தப் படத்தில் விரல் மட்டும் மற்ற வழிகளிலும் குறுக்கே வந்து சேரும். உணவைப் பிசைவது விரல், குடிநீர்ப் பாத்திரத்துக்குள் முங்குவது விரல், தரையில் தவழ்ந்துவிட்டு வாய்க்குள் போவதும் விரல். அதனால்தான் கை கழுவுவதற்கு இத்தனை முக்கியத்துவம்.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். ரோட்டா வைரஸால் வயிற்றுப்போக்கு வந்திருக்கும் குழந்தையின் மலத்தில், ஒரு கிராமிலேயே பத்தாயிரம் கோடி வைரஸ் துகள்கள் வரை இருக்கக்கூடும். நோய் தொற்றுவதற்கு நூறு துகள்கூடத் தேவையில்லை. சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாவுக்கும் 10 முதல் 100 வரை போதும். நகக்கண்ணில் ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சு இன்னொரு குழந்தைக்குத் தாராளமாகப் போதும் என்பதே இதற்கு அர்த்தம்.

இங்கேதான் மிகப் பரவலான ஒரு தவறான நம்பிக்கை வருகிறது. "பால் குடிக்கிற பிள்ளைதானே, அதோட ஆயில என்ன இருக்கப்போகுது" என்று நினைக்காத வீடு குறைவு. பெரியவர்கள் கழிவறைக்குப் போய்வந்தால் சோப்பு எடுக்கிறோம். குழந்தைக்கு ஆய் கழுவிவிட்டால் அதே தண்ணீரில் கையை அலசிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். உண்மையில் நிலைமை தலைகீழ். ரோட்டா, ஷிகெல்லா, ஜியார்டியா போன்றவை சின்னப் பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்குகின்றன. அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் உருவாகவில்லை, அதனால் அவர்கள் மலத்தில் நோய்க்கிருமி இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிடக் கூடுதல். நோய் அறிகுறி எதுவுமே இல்லாமலும் கிருமியை வெளியேற்றுவார்கள்.

ஆகவே எல்லா நேரங்களும் சம எடை கொண்டவை அல்ல. இரண்டே நேரத்தை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இவற்றைச் சொல்வேன்: குழந்தைக்கு ஆய் கழுவிவிட்ட பிறகு அல்லது டயாப்பர் மாற்றிய பிறகு, குழந்தைக்கு ஊட்டுவதற்கு முன். முதலாவது கிருமியைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்துகிறது, இரண்டாவது வாய்க்குப் போகும் வாசலில் நிறுத்துகிறது. அடுத்து வருபவை, நீங்கள் கழிவறைக்குப் போய்வந்த பின், சமைக்கத் தொடங்கும் முன், நீங்கள் சாப்பிடும் முன். இந்த ஐந்தும் தவறக்கூடாதவை. பச்சை இறைச்சி, மீன், முட்டை கையாண்ட பின், மூக்கு சிந்திவிட்ட பின், வளர்ப்புப் பிராணிகளைத் தொட்ட பின், குப்பையைத் தொட்ட பின், மருந்து கொடுக்கும் முன் கழுவுவதும் அவசியமே. ஆனால் நேரமும் தோலும் தாங்காத நாளில் முதல் ஐந்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய் கழுவிவிடுவது மூன்று, நாலு தடவை. ஊட்டுவது ஐந்து. கழிவறை ஐந்து. சமையல் மூன்று, உங்கள் சாப்பாடு மூன்று. கூட்டினால் இருபது வரும். ஆனால் சமைத்த கையோடு ஊட்டுவது, ஊட்டிய கையோடு சாப்பிடுவது என்று சில சேர்ந்துகொள்ளும், நடுவில் வேறெதையும் தொடாமல் இருந்தால். ஆக, சோப்பு போட்டுச் சரியாகக் கழுவ வேண்டியது நாளைக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து தடவை. மற்ற நேரங்களில், தூசி தட்டினோம், துணி மடித்தோம் என்பதற்கெல்லாம் சோப்பு எடுக்க வேண்டியதில்லை. குழந்தையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டியதும் இல்லை. உங்கள் தோலைக் காப்பாற்றும் முதல் வழி இந்தக் குறைப்புதான்.

பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தை என்றால் கதை வேறு. அப்போது தொடும் முன்னெல்லாம் கழுவுவது நியாயமானது. நேபாளத்தின் தென்பகுதியில் பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், குழந்தையைக் கையாளும் முன் கை கழுவிய தாய்மாரின் குழந்தைகளிடையே இறப்பு அபாயம் 44 சதவீதம் குறைவாக இருந்தது. அது கவனித்துப் பதிவுசெய்த ஆய்வு மட்டுமே, முழு வித்தியாசத்துக்கும் கையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பச்சிளங்குழந்தை விஷயத்தில் கவனம் கூடுதலாக இருப்பதில் தப்பில்லை.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கையைக் கழுவுங்கள், மார்பைச் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். சோப்பு காம்பை உலர்த்தி வெடிக்க வைக்கும். அன்றாடக் குளியலே அதற்குப் போதும். நள்ளிரவில் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கு, டயாப்பர் எதையும் தொடாமல், பால் கொடுப்பதற்காக எழுந்துபோய்க் கழுவவில்லை என்று குற்ற உணர்வு வேண்டாம். பாலைப் பீய்ச்சிச் சேமிப்பது, புட்டிப்பால் கரைப்பது என்றால் இரவானாலும் கட்டாயம் கழுவ வேண்டும். புட்டிக்குள் விழும் பாக்டீரியா அங்கே உட்கார்ந்து பெருகும்.

இனி எப்படிக் கழுவுவது. உள்ளங்கையை மட்டும் தேய்த்து அலசிவிடுவதுதான் நம்மில் பலரின் வழக்கம். ஆனால் கழுவாமல் விடுபடும் இடங்கள் எப்போதும் இவைதான்: விரல் நுனி, கட்டைவிரல், விரலிடுக்கு, புறங்கை. குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுவதில் முதலில் படுவது எது? விரல் நுனியும் கட்டைவிரலும். கழுவாமல் விட்ட இடமும் வாய்க்குள் போகும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கையை முழுக்க நனைத்துவிட்டுச் சோப்பை எடுங்கள். திரவ சோப்பு என்றால் ஒரு தடவை அழுத்தி வருவது போதும், கட்டி சோப்பு என்றால் இரண்டு கையிலும் நுரை வரும் வரை உருட்ட வேண்டும். உள்ளங்கையோடு உள்ளங்கை, பிறகு ஒரு கையால் மற்றக் கையின் புறங்கை, விரல்களைக் கோத்து இடுக்குகள், கட்டைவிரலை மறுகையால் பிடித்துத் திருகித் தேய்ப்பது, கடைசியாக விரல் நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் வட்டமாகச் சுரண்டுவது. இந்தக் கடைசி அசைவில்தான் நகக்கண்ணுக்குள் நுரை போகும். தேய்ப்பது மட்டும் 20 விநாடி. ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணினால் சரியாக வரும். பிறகு சோப்பு முழுக்கப் போகும் வரை ஓடும் நீரில் அலசித் துடையுங்கள். எல்லாம் சேர்த்து 40 முதல் 60 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேய்க்கும்போது குழாயை மூடிவையுங்கள், நனைக்கவும் அலசவும் அரை லிட்டர் தண்ணீரே போதும்.

இருபது விநாடி எதற்கு? சோப்பு கிருமியைக் கொன்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். தோலில் கிருமி ஒட்டியிருப்பது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்துதான். சோப்பு அந்தப் பிசுக்கைப் பிய்த்தெடுக்கிறது, தேய்ப்பு கிளப்புகிறது, தண்ணீர் அடித்துப் போகிறது. மூன்றில் தேய்ப்பைச் சுருக்கினால் சோப்பு வீணாகிறது. தண்ணீர் மட்டும் போதுமா என்று பார்த்த ஒரு சின்ன சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. பொது இடங்களில் கதவுக் கைப்பிடி, கம்பிகளைத் தொட்ட கைகளில், கழுவாதபோது 44 சதவீத மாதிரிகளில் மலம் சார்ந்த பாக்டீரியா கிடைத்தது. வெறும் தண்ணீரில் கழுவியபோது 23 சதவீதம். சாதா சோப்பு போட்டபோது 8 சதவீதம். தண்ணீர் பாதி வேலை செய்கிறது, சோப்பு மீதியில் பெரும்பகுதியைச் செய்கிறது. சோப்பு இல்லாத இடத்தில் தண்ணீராவது விட்டுத் தேய்ப்பது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

வெந்நீர் வேண்டியதில்லை. கை தாங்கும் சூட்டில் கிருமி சாகாது, தோலின் எண்ணெய்தான் போகும்.

கிருமிநாசினி சோப்பு பற்றி உறுதியாகவே சொல்லலாம், தேவையில்லை. கராச்சியில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சில குடும்பங்களுக்குச் சாதா சோப்பும் சில குடும்பங்களுக்குக் கிருமிநாசினி சோப்பும் கொடுத்துக் கை கழுவ ஊக்கப்படுத்தினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது, பிள்ளைகளிடம் வயிற்றுப்போக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இரண்டு சோப்புக்கும் இடையே வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் டிரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருள்களை வீட்டுச் சோப்புகளில் பயன்படுத்தத் தடை விதித்தது. சாதா சோப்பைவிட அவை மேலானவை என்பதற்குத் தயாரிப்பாளர்கள் ஆதாரம் காட்டவில்லை என்பது காரணம். உங்கள் கையிலிருக்கும் நல்ல பாக்டீரியாவை ஒழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளியிலிருந்து வந்து ஒட்டியதைக் கழுவி அனுப்பினால் போதும்.

ஆய்வுகளின் எண்களை அப்படியே வாக்குறுதியாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு அலசல், சோப்பு போட்டுக் கை கழுவுவது வயிற்றுப்போக்கு அபாயத்தை 42 முதல் 47 சதவீதம் குறைக்கும் என்றது. பின்னாளில் வந்த, இன்னும் கறாரான அலசல்கள் ஏறத்தாழ 30 சதவீதம் என்கின்றன. வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஒரே மாதிரி நடத்தி, 2018இல் முடிவு வெளியான கை கழுவும் பரிசோதனைகளில், வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு தெளிவாகக் குறைந்தது, கென்யாவில் குறையவில்லை. கை என்பது ஐந்து வழிகளில் ஒன்று. தண்ணீர் கெட்டிருந்தால், ஈ மொய்த்த உணவு போனால், கை கழுவியும் நோய் வரும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், உங்கள் குழந்தைக்கு மூன்று தடவை வந்தது உங்கள் கையால்தான் என்று யாரும் தீர்ப்பு எழுத முடியாது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, திட உணவு தொடங்கித் தரையில் தவழும் காலம், வயிற்றுப்போக்கு உச்சத்தில் இருக்கும் வயது.

சானிடைசருக்கு வருகிறேன். குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். உள்ளங்கை நிறைய எடுத்து, உலரும் வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். பயணத்தில், வரிசையில் நிற்கும்போது, தண்ணீர் கிடைக்காத இடத்தில் நல்ல உதவி. சளி, காய்ச்சல் வைரஸ்களில் பலவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் டயாப்பர் மாற்றிய கைக்கு அது சோப்புக்கு மாற்று ஆகாது. கையில் அழுக்கோ மலமோ எண்ணெயோ இருந்தால் ஆல்கஹால் அடியில் இறங்காது. அதோடு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி போன்றவற்றின் மேல் அதன் பலம் குறைவு. குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொரு கவலையும் உண்டு. அது ஆல்கஹால், சின்னப் பிள்ளை விழுங்கினால் இரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கிவிடக்கூடும். எட்டாத உயரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். போட்ட கை முழுக்க உலர்ந்த பிறகே குழந்தையைத் தொடுங்கள். ஈரத் துடைப்பான்களும் அப்படித்தான், துடைப்பது ஆய் கழுவும் வேலைக்கு, உங்கள் கைக்கு அல்ல.

கழுவிய கை மறுபடி கெடுவது எங்கே என்று பாருங்கள். பலரும் கவனிக்காதது இதுதான். அழுக்குக் கையால் குழாயைத் திறந்தோம், கழுவிய கையால் அதே குழாயை மூடுகிறோம். கையில் நுரை இருக்கும்போதே குழாயின் பிடியிலும் நுரையைத் தடவி, அலசும்போது அதன் மேலும் ஒரு கை தண்ணீர் விடுங்கள். அடுத்தது துடைக்கும் துணி. ஈரக் கை உலர்ந்த கையைவிடப் பன்மடங்கு அதிகமாகக் கிருமியை வாங்கும், கொடுக்கும். அதனால் துடைப்பது முக்கியம். ஆனால் அடுப்படியில் பாத்திரமும் மேசையும் துடைக்கும் ஈரத்துணியில் துடைத்தால் கழுவியதே வீண். உடுத்தியிருக்கும் துணியில் துடைப்பதும் அப்படியே, சற்று முன் குழந்தை அதில்தான் மூக்கைத் தேய்த்திருக்கும். கைக்கென்று தனித் துண்டு ஒன்று, தினம் மாற்றினால் நல்லது. இல்லையா, காற்றில் உதறி உலரவிடுங்கள்.

மூன்றாவது செல்போன். கையைக் கழுவிவிட்டு, கிண்ணத்தை எடுத்து, குழந்தை வாய் திறக்க வேண்டுமே என்று போனை எடுத்து வீடியோ போட்டுவிட்டு ஊட்டத் தொடங்குகிறோம். கழிவறைக்கும் அடுப்படிக்கும் நம்மோடு வந்துபோகும் அந்தப் போனை யாரும் சோப்பு போட்டுக் கழுவுவதில்லை. கழுவிய கைக்கும் குழந்தையின் வாய்க்கும் நடுவில் தொடுவது கிண்ணமும் கரண்டியும் மட்டுமாக இருக்கட்டும். இடுப்புப் பட்டை, நாற்காலி, தண்ணீர்க் குவளை எல்லாவற்றையும் முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, கடைசி வேலையாகக் கையைக் கழுவுங்கள். இந்த ஒரு வரிசை மாற்றம் மற்ற எதையும்விட அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து. சேமித்த குடிநீரில் கையையோ குவளையையோ முக்கி எடுப்பதையும் நிறுத்துங்கள். நீண்ட பிடி உள்ள அகப்பை அல்லது குழாய் வைத்த பாத்திரம் வேண்டும்.

கட்டி சோப்பை எல்லாரும் தொடுகிறார்களே என்று பயப்பட வேண்டாம். வேண்டுமென்றே பாக்டீரியா பூசிய சோப்புக்கட்டியை வைத்துக் கை கழுவவைத்த சோதனையில், கழுவிய கைகளுக்கு அது வரவில்லை. தண்ணீர் வடியும் தட்டில் வைத்தால் போதும். திரவ சோப்புப் புட்டியில்தான் கவனம் வேண்டும். தீரும் முன் மேலே மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தால் உள்ளே பாக்டீரியா வளரலாம். முழுக்கத் தீர்ந்ததும் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள்.

இனி, தெரிந்தும் ஏன் விட்டுப்போகிறது என்ற கேள்வி. எந்தத் தாயைக் கேட்டாலும் எப்போது கழுவ வேண்டும் என்று சரியாகச் சொல்வார். கூடவே உட்கார்ந்து கவனித்தால் நடப்பது வேறு. உலக அளவில் மலத்தோடு தொடர்பு ஏற்பட்ட பின் சோப்பு போட்டுக் கழுவுகிறவர்கள் ஏறக்குறைய 19 சதவீதம்தான் என்று 2014ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று சொல்கிறது. அறிவுரை கூட்டினால் இது மாறாது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான 'சூப்பர் அம்மா' ஆய்வு வேறு பாதையில் போனது. கிருமி, நோய், மரணம் என்று பயமுறுத்தவில்லை. பிள்ளையை நல்லபடி வளர்க்கும் ஆசை, அருவருப்பு, ஊரார் மதிப்பு இவற்றைத் தொட்டுப் பேசினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முக்கிய நேரங்களில் சோப்பு போட்டுக் கழுவியவை அந்தக் கிராமங்களில் 37 சதவீதம், மற்றவற்றில் 6 சதவீதம். இத்தனை நல்ல முயற்சியிலும் பாதியைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். பழக்கம் அவ்வளவு கடினம். உங்களையே நீங்கள் திட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கதேசத்தில் இரண்டு பள்ளிகளில் இன்னும் எளிமையாகச் செய்தார்கள். கழிவறையிலிருந்து கை கழுவும் இடம் வரை பாதை போட்டு அதில் பாதச்சுவடு வரைந்தார்கள், கழுவும் இடத்தில் உள்ளங்கை வடிவம் வரைந்தார்கள். பாடம் எதுவும் நடத்தவில்லை. கழிவறைக்குப் போய்வந்து சோப்பு போட்ட பிள்ளைகள் 4 சதவீதத்திலிருந்து ஆறு வாரத்தில் 74 சதவீதம் ஆனார்கள். கண்ணில் பட்டால் கை தானாகப் போகிறது.

இதை உங்கள் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? ஆய் கழுவிவிடும் இடத்தில் ஒரு சோப்பு, ஊட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. குளியலறையில் ஒன்றே ஒன்று இருந்தால் நடக்காது. இடுப்பில் குழந்தை, கையில் ஈரம், அந்த நிலையில் யாரும் பத்தடி நடந்து சோப்பைத் தேட மாட்டார்கள். குழாய் இல்லாத இடம் என்றால், மூடியில் துளையிட்ட புட்டியில் தண்ணீரும், இன்னொரு புட்டியில் சோப்பு நீரும் வையுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூள் கரைத்தால் சோப்பு நீர் தயார். தோல் வெடித்திருக்கும் உங்களுக்கு மட்டும் அது ஆகாது, மென்மையான சோப்பையே வையுங்கள்.

ஆய் கழுவிவிடும்போது இன்னொரு சிக்கல், குழந்தையை என்ன செய்வது. அழுக்குக் கையோடு அதையும் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினால் குழந்தையின் சட்டை, உங்கள் தோள், கதவுப் பிடி எல்லாம் தொட்டாயிற்று. தொடங்கும் முன்னே எல்லாவற்றையும் எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு கை மட்டும் அழுக்கு வேலை செய்யட்டும், மற்றக் கை குழந்தையின் காலைப் பிடிக்கட்டும். முடிந்ததும் குழந்தையைத் தொட்டில் அல்லது தடுப்புள்ள தரைவிரிப்பில் விட்டுவிட்டு, உடனே இரண்டு கையையும் கழுவுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையை உயரமான மேசையில் ஒரு விநாடியும் விடக்கூடாது. குழந்தையின் கையையும் அப்போதே கழுவிவிடுங்கள், மாற்றும் நேரத்தில் அது எப்படியும் கையை உள்ளே விட்டிருக்கும்.

குழந்தையின் கை உங்கள் கை அளவுக்கே முக்கியம். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையைச் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை வாயில் வைக்கிறது. உங்கள் கையில் முதலில் நுரை வரவைத்து, குழந்தையின் கையை நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டு அலசுங்கள். சோப்பைக் குழந்தை கையில் நேரே கொடுத்தால் கண்ணுக்குப் போகும். இரண்டு வயதுக்கு மேல் ஒரு முக்காலி போட்டு, தானே செய்ய விடுங்கள். ஐந்தாறு வயது வரை பக்கத்தில் ஆள் வேண்டும். வாரம் ஒரு தடவை நகம் வெட்டுங்கள். கீரிப்பூச்சி முட்டை பரவுவது நகக்கண் வழியாகத்தான். இரவில் ஆசனவாய் அரிக்கும், பிள்ளை சொறியும், காலையில் அதே விரல் வாய்க்குள். பூச்சி இருக்கும் பிள்ளைக்கு எழுந்ததும் கை கழுவிவிட வேண்டும்.

உங்கள் தோல்: இப்போதே சரிசெய்ய வேண்டிய விஷயம் இது, அழகுக்காக அல்ல. வெடிப்பில் கிருமி தங்கும், எரிவதால் நீங்களே கழுவுவதைத் தவிர்க்கத் தொடங்குவீர்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா புண்ணில் வளர்ந்து உணவில் விழுந்தால் உண்டாக்கும் நஞ்சு, கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாது. சீழ் வைத்த புண் இருந்தால் அது ஆறும் வரை குழந்தையின் உணவை வேறொருவர் செய்யட்டும், முடியாவிட்டால் நீர் புகாத ஒட்டுத்துணியும் கையுறையும் போடுங்கள். வாசனையில்லாத மென்மையான சோப்புக்கு மாறுங்கள். அழுத்தித் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். மோதிரத்தின் அடியில் தேங்கும் சோப்பும் எரிச்சலுக்குக் காரணம். பாத்திரம், துணி, தரை வேலைகளுக்குக் கையுறை போடுங்கள், தோலை அதிகம் கெடுப்பது கை கழுவும் சோப்பைவிட அந்தச் சலவைப்பொருள்கள்தான். இரவு படுக்கும் முன் வாசலின் போன்ற களிம்பைத் தடிமனாகப் பூசிப் பருத்திக் கையுறை போட்டுத் தூங்குங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால், கொப்புளமோ நீர்க்கசிவோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்கு இப்போது வயிற்றுப்போக்கு இருக்கிறது என்றால், நின்ற பிறகும் குறைந்தது இரண்டு வாரம் டயாப்பர் விஷயத்தில் கறாராக இருங்கள். நோரோ வைரஸ் நோய் தீர்ந்த பிறகும் அவ்வளவு காலம் மலத்தில் வெளியேறும். பெரிய பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் வட்டம் போட்டுத் திரும்பி வருவது இப்படித்தான். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்து ஊட்டாதீர்கள், சுத்தமான கையால் பிசைந்த உணவும் அந்த வெதுவெதுப்பில் கெடும். மலத்தில் இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நாலு மாதத்தில் மூன்று தடவை என்பதையும் மருத்துவரிடம் சொல்லி, ரோட்டா தடுப்பூசி முழுதாகப் போட்டாயிற்றா என்று அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

கடைசியாக, உங்களை மட்டும் சொல்கிறவர்களைப் பற்றி. குழந்தையைத் தூக்கும், கொஞ்சும், வாயில் ஒரு வாய் ஊட்டும் எல்லாக் கைக்கும் இதே விதிதான். அப்பா வெளியிலிருந்து வந்ததும், தாத்தா பாட்டி ஆசையாக ஊட்டும் முன்னும், பள்ளியிலிருந்து வந்த அக்கா அண்ணன் தூக்கும் முன்னும் கழுவ வேண்டும். பத்துக் கை தொடும் பிள்ளைக்கு இரண்டு கை மட்டும் சுத்தமாக இருந்து என்ன பயன்? ஊட்டும் இடத்தில் வைத்த அந்த இரண்டாவது சோப்பை அவர்களுக்கும் காட்டுங்கள்.